மூன்று சைக்கிள்களும் ஒரு நோட்டும்

கடலூரிலிருந்து கோடியக்கரை வரை சைக்கிளில் போகலாம் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டால் இன்று எங்கள் வீட்டில் ஒருவரும் கையைத் தூக்கமாட்டோம். நான்தான் சொன்னேன். 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, வரைபடத்தைத் தரையில் விரித்துக் கடற்கரையோரமாக விரலை இழுத்துக்கொண்டே போனேன். சிதம்பரம், சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். விரல் கோடியக்கரையில் போய் நின்றது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர், எட்டு நாள். எனக்கும் மகளுக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது மே மாதத்தில் மட்டும்தான்.

"மே மாசத்துலயா?" என்றாள் மனைவி.

"ராஜாஜி வேதாரண்யத்துக்கு ஏப்ரல் மாசத்துலதானே நடந்தாரு" என்றேன்.

புத்தகம் படிக்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவதில் இந்தத் தொல்லை உண்டு. எந்த அசட்டுத்தனத்துக்கும் ஒரு வரலாற்றுச் சான்றைக் கைவசம் வைத்திருப்பார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்து, 30ஆம் தேதி உப்பெடுத்தார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அவர்கள் நடந்தே போனார்கள், நாம் சைக்கிளில்தானே போகப்போகிறோம் என்பது என் வாதம். அதை வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர்தான் வருகிறது என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன். எங்கள் திட்டத்தில் முதல் நாள் மட்டும் கடலூரிலிருந்து சிதம்பரம், 45 கிலோமீட்டர். மகளுக்கு அப்போது 12 வயது.

என்னுடையது அப்பாவின் ஹெர்குலிஸ். அவர் போனபின் பல ஆண்டுகள் தாழ்வாரத்தில் தூசி படிந்து நின்றிருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் பழைய சைக்கிள்களாகவே பார்த்து வாங்கினோம். மூன்றையும் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் ஓவராயிலுக்கு விட்டேன். கடைக்காரர் ஹெர்குலிசின் பாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பியில ரொம்பப் பேரு ஒக்காந்திருக்காங்க போல" என்றார். பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஒக்காந்தவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் முதல் ஞாயிறு தொடங்கிச் சிறு பயணங்கள். நெடும்பயணத்துக்கு முன்னால் கால்களைவிடப் பின்புறத்தைப் பழக்கவேண்டும். சீட்டில் இரண்டு மணி நேரம் உட்காரும் பழக்கம் ஓரிரு நாளில் வருவதில்லை. சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் மிக லேசாக மடிந்திருந்தால் சரி. தாகம் எடுக்கும்முன் தண்ணீர் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் போகவேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லமுடிந்தால் அது சுலபமான வேகம். இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வீட்டாருக்கு வகுப்பெடுத்தேன்.

முதல் பயணம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இராது. 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையில் இன்று எஞ்சியிருக்கும் சிதிலங்களையும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறிவந்த கரையையும் மகளுக்குக் காட்டினேன். கிளைவ் இந்தக் கோட்டைக்கு ஆளுநராக இருந்தவர் என்றேன். அவள் ஈர மணலில் சைக்கிள் ஓட்டினால் தடம் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கெடிலக் கரையோரமாகத் திருவந்திபுரம். முகூர்த்த நாள், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைகள் எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். மகள் மிதித்துக்கொண்டே எண்ணி, பதினொன்றில் கணக்கை விட்டாள். அங்கே குன்றின் 74 படிகளையும் ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

பிறகு கேப்பர் மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, செம்மண் மேடு. ஆனாலும் தட்டையான எங்கள் ஊரில் ஏற்றம் பழக வேறு இடமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் எப்படிச் சாய்த்தது என்று மனைவி மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பேசிக்கொண்டே ஏறினாள் என்பதைக் கவனித்து, இவளுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் அவளுக்குத் தேவையில்லைதான். அவள் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். என் மாமியார் அந்த ஆண்டில்தான் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நிலா வெளிச்சத்தில் கற்றுக்கொண்டார். பெண்கள் சைக்கிள் கிடைப்பது அரிதாக இருந்ததால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகி, பிறகு அதுவே நல்லதென்று வைத்துக்கொண்டாராம். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? என் மனைவி பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் அந்தப் பாரில் உட்கார்ந்து போனவள். ஆக நாங்கள் இருவருமே பாரில் வளர்ந்தவர்கள்.

ஏப்ரல் 24 அன்று கொஞ்சம் இலக்கியமும் சேர்த்துக்கொண்டேன். 1934இல் அதே நாளில் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன் பிறந்தார். கெடிலத்தைத் தாண்டினால் வரும் திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25 அன்று புதுமைப்பித்தன் பிறந்தார். 28 வருட இடைவெளியில் அடுத்தடுத்த தேதியில், ஓர் ஆற்றின் இரு கரையில் இருவர். பாலத்தின் நடுவே நிறுத்தி இதைச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் நிற்கவில்லை. காரணம் நோட்டு.

பயிற்சி தொடங்கிய நாள் முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கு எழுதி வந்தேன். தேதி, தூரம், நேரம் என்று மூன்று பத்தி. நான்காவது பத்தியின் தலைப்பு, 'நின்ற தடவை'. தேவனாம்பட்டினத்துக்கு நான்கு. திருவந்திபுரத்துக்கு மூன்று. கேப்பர் மலைக்கு இரண்டு. இப்படி எண் குறைந்துவருவதுதான் தேர்ச்சி என்று எண்ணினேன். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பியதும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். "போன வாரத்தைவிட ஒண்ணு கம்மி" என்று மகளின் முதுகில் தட்டுவேன். "இவ அலுக்கவே மாட்டா" என்று உறவினர்களிடம் தொலைபேசியில் அவள் காதுபடச் சொல்வேன். ஏப்ரல் 24 அன்று முதுநகர் துறைமுகம் வரை போய்த் திரும்பியதில் அந்தப் பத்தியில் சுழியம் எழுதினேன். பாலத்தில் நின்றிருந்தால் சுழியம் கிடைத்திருக்காது. இரு எழுத்தாளர்களையும் மிதித்துக்கொண்டே தாண்டிவிட்டேன்.

"அந்த நாலாவது பத்தி எதுக்கு?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். ஏதோ பதில் சொன்னேன்.

மே முதல் வாரத்தில், அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த ஒரு காலையில் புறப்பட்டோம். ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டார், உறவினர், ஆரத்தி, படமெடுத்தல் என்று ஆறரை ஆகிவிட்டது. வரிசை இதுதான்: முன்னால் நான், நடுவில் மகள், பின்னால் மனைவி. முதுநகரைத் தாண்டி, சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, ஆலப்பாக்கம் வரும்போதே வெயில் தோளில் உட்கார்ந்துவிட்டது. சாலை அகலமாகியிருக்கிறது, என் சிறுவயதில் அதன்மேல் கவிந்திருந்த நிழல் இல்லை. ஆனால் மிதிக்கும்போது எதிர்க்காற்று வியர்வையைத் துடைத்துவிடுவதால் சூடு தெரிவதில்லை. நின்றால்தான் உடம்பு தான் எவ்வளவு கொதித்திருக்கிறது என்று காட்டும். ஆகவே நிற்காமல் போவதே நல்லது என்று தீர்மானித்தேன். இப்படியொரு தர்க்கம் எனக்கு எப்படித் தோன்றியது என்று இப்போதும் விளங்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று திரும்பாமலே கேட்பேன். "நல்லாருக்குப்பா" என்று பின்னாலிருந்து பதில் வரும். புதுச்சத்திரத்துக்குப் பிறகு "ம்" என்று மட்டும் வந்தது. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் என்று வகுப்பெடுத்தவன், பேச்சு நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

பி.முட்லூரைக் கடந்து வெள்ளாற்றுப் பாலத்தை நெருங்கும்போது மனைவி என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். எங்கள் பதினைந்து வருட வாழ்க்கையில் அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அது முதல் தடவை. திரும்பினேன். மகளின் சைக்கிள் பாம்புபோல நெளிந்து சாலையோர மணலில் இறங்கிச் சாய்ந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. கொளுத்தும் வெயிலில் அவள் கைகளில் மயிர் கூச்செறிந்து நின்றது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

சாலையோரம் ஓலைக் கொட்டகையில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி எழுந்து வந்தார். எங்களை எதுவும் கேட்கவில்லை. மகளை நிழலில் கிடத்தி, ஷூவைக் கழற்றி, தன் முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, பச்சப்புள்ளய இந்த வெயில்ல வுட்டு அடிக்கிறியே, ஒனக்கு என்னா அவுசரம்?" என்றார். பதில் இல்லை. சைக்கிள்களை அவர் கொட்டகையிலேயே போட்டுவிட்டு ஆட்டோவில் சிதம்பரம் போனோம்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருத்துவர் இளம் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தலைவலி எப்பப் பாப்பா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"ஆலப்பாக்கத்துலயே."

எனக்குத் திக்கென்றது. ஆலப்பாக்கம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா நிப்பாங்க. நின்னா நோட்டுல எழுதுவாங்க."

மருத்துவருக்கு அது புரிந்திருக்காது. எந்த நோட்டு என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் சுலபமான பயணங்கள் என்ற பெயரில் நான் அவளுக்கு ஒன்றை மிக நன்றாகப் பயிற்றுவித்திருந்தேன். களைப்பை மறைக்க.

மாலையில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அன்றிரவு சிதம்பரத்திலேயே தங்கினோம். இருவரும் தூங்கிய பிறகு கீழே இறங்கிக் கீழவீதியில் நடந்தேன். கோயில் நடை சாத்தியிருந்தது. தேரடிப் பக்கம் சிலர் படுத்திருந்தார்கள். கடலூரில் இருந்த அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. சற்று நேரம் கழித்து, "ஒங்கப்பா ஒன்னக் கூட்டிக்கிட்டு வருவாரே, நெனப்பு இருக்கா?" என்றாள்.

இல்லாமலா? நாங்கள் அப்போது புதுச்சத்திரத்தில் குடியிருந்தோம். 1985 வாக்கில், எனக்கு ஆறு வயது. ஆனித் திருமஞ்சனத்துக்கு இதே ஹெர்குலிசின் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து அப்பா சிதம்பரம் அழைத்துப்போவார். எங்கள் உறவில் அது ஒரு கேலிப்பேச்சு: அவர் ஒரே மூச்சில் சிதம்பரம் போனதே கிடையாது. கண்ட கடையெல்லாம் நிற்பார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமாடா?" என்று என்னை இறக்கிவிடுவார். கால் மரத்துப்போய் எறும்பு ஊறுவதுபோல் இருக்கும். நான் நொண்டிக்கொண்டு கடையைச் சுற்றி வருவேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் சரியானதும் எனக்கொரு வர்க்கி வாங்கிக் கொடுத்துக் கிளம்புவார்.

"டீப் பைத்தியம் ஆச்சே" என்றேன்.

"அவரு எங்கடா டீ குடிச்சாரு?" என்றாள் அம்மா. "வீட்டுல ஒருநாளாவது டீ போட்டிருக்கனா நானு? ஒனக்குக் கால் மரத்துடும். கேட்டா வலிக்கலன்னுவ. அதுக்குத்தான் அவரு டீ."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மோர் உண்டு, காபி உண்டு. அப்பா டீ குடித்து வீட்டில் நான் பார்த்ததேயில்லை. கடையில்கூடக் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்திருப்பார். பாதிக்குமேல் அப்படியே இருக்கும். உறவினர்கள் கேலி செய்தபோதெல்லாம் அவரும் சேர்ந்து சிரித்தார். ஒருமுறைகூட என் பெயரைச் சொன்னதில்லை.

பாரில் பிள்ளையை வைத்து ஓட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளையின் முதுகு அவர் மார்பில் படுகிறது. அது தூங்குகிறதா, நெளிகிறதா, சாய்கிறதா என்பது முழங்கைக்கே தெரிந்துவிடும். கேட்க வேண்டியதில்லை. என் மாமியாருக்கும் அது தெரிந்திருக்கும். என் மகளும் ஆறு வயது வரை இதே பாரில் உட்கார்ந்தவள்தான். தனக்கென்று ஒரு சைக்கிள் வந்ததும் அவள் என் முழங்கைகளுக்கு வெளியே போய்விட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் அப்படிப் போகத்தான் வேண்டும். ஆனால் அன்றிலிருந்து உடம்பால் தெரிந்துகொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட, கேட்டால் உண்மை வரும்படி நடந்துகொள்ள வேண்டும். நான் முன்னால் போய்க்கொண்டு, திரும்பாமல் கேட்டேன்.

மறுநாள் பேருந்தில் கடலூர் திரும்பினோம். சைக்கிள்களை எடுத்துவரப் போனபோது மூதாட்டி பணம் வாங்க மறுத்துவிட்டார். நுங்கு வாங்கிக்கொண்டு வந்தேன். நோட்டைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பெருவெயில் போய், மழை வந்து, டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் வெள்ளமும் வடிந்த பிறகு மறுபடி ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைத் தொடங்கினோம். வரிசையை மாற்றிவிட்டோம்: மகள் முன்னால், நான் கடைசியில். ஒரே ஒரு விதி. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் "டீ" என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. முதல் வாரம் தெருமுனை தாண்டுமுன்னே மகள் "டீ" என்றாள். நின்றோம். ஐம்பது அடி போனதும் மறுபடி "டீ". என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் இறங்கி ஸ்டாண்டு போட்டேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைச் சோதித்தாளா, விளையாடினாளா என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் விதி.

2025 பொங்கல் விடுமுறையில், விடிவதற்குள் கிளம்பிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். திருப்பாதிரிப்புலியூருக்குப் போகும் பாலத்தில் நான் "டீ" என்றேன். ஜெயகாந்தனையும் புதுமைப்பித்தனையும் பற்றிச் சொல்ல அப்போதுதான் வாய்த்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் மகள் சொன்னாள். அங்கே கடையேதும் இல்லை. கைப்பிடிச் சுவரோரம் நின்று ஆற்றைப் பார்த்தோம். நுங்குக் காலம் இல்லையாதலால் கொட்டகை காலியாக இருந்தது. அங்கிருந்து மிச்சம் இருந்த கொஞ்ச தூரத்தை மகள் பாடிக்கொண்டே மிதித்தாள்.

கோடியக்கரைக்கு இன்னும் போகவில்லை. அடுத்த முறை சீர்காழி வரை என்று பேச்சு இருக்கிறது. நோட்டு இப்போது மகளிடம். நான்காவது பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு 'டீ' என்று எழுதியிருக்கிறாள். சிதம்பரப் பயணத்துக்கு நேரே அதில் 14 என்று இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குள், சிறிய எழுத்தில்: அப்பா 6.